ஏல நிபந்தனைகள் இருபத்தொன்றும் ஒரு குத்துவிளக்கும்

நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த ஏலக் கொம்பனி இப்போது கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. கட்டிலில் கிடந்தபடியே பெருவிரலால் பழைய சாமான்களை ஏலம் எடுக்கலாமாம். போன மாதம் அங்கே புதிதாக வந்திருக்கும் மனேஜர் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், எங்கட ஏல நிபந்தனை எல்லாத்தையும் தமிழிலையும் போடப்போறம். நீங்கள் ஒருக்கா மொழிபெயர்த்துத் தருவீங்களோ? இருபத்தொண்டுதான் இருக்கு," என்றாள்.

போர் நடந்த காலம் முழுவதும் அந்த இருபத்தொரு நிபந்தனைகளும் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தன. தமிழில் வேண்டுமென்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. தலைநகரத்துக் காலி வீதி பஸ்ஸில் நேரம் கேட்பதைக்கூட நாங்கள் தமிழில் கேட்காமல் விட்ட காலம் அது. இப்போது எல்லாம் ஓய்ந்து, விற்க வேண்டியவர்கள் விற்று முடித்துப் போன பிறகு நிபந்தனைகள் தமிழுக்கு வருகின்றன. நல்ல விஷயம்தானே. செய்து தருகிறேன் என்று சொன்னேன்.

முதல் எட்டு நிபந்தனைகளும் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. அதிக விலை கேட்டவரே வாங்குபவர். பொருள்கள் உள்ளது உள்ளபடி, எல்லாக் குறைகளோடும் விற்கப்படும். விற்பவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்கக் கூடாது. கொம்பனி ஊழியர் எவரும் தன் பெயரிலும் பிறர் பெயரிலும் கேட்கக் கூடாது. ஒன்பதாவதில் பேனை நின்றுவிட்டது. "பொருளின் உரித்துக்கு விற்பவரே பொறுப்பு, கொம்பனி பொறுப்பல்ல." தமிழில் எழுதிப் பார்த்தால் அது நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. மொழிபெயர்ப்பை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மனேஜர் பிள்ளை இரண்டு கிழமை பொறுக்கட்டும்.

நான் அந்தக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தது இருபத்திரண்டு வயதில், தட்டெழுத்துத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு. முதல் நான்கைந்து வருடங்களில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம், ஒல்லாந்தர் காலத்துக் கதிரைக்கும் மொரட்டுவையில் போன மாதம் செய்த ஒல்லாந்தர் காலத்துக் கதிரைக்கும் வித்தியாசம் எல்லாம் படித்தேன். அதன் பிறகு விவரப் பட்டியல் எழுதுவது என் வேலையானது. வருகிற பொருளுக்கு ஓர் இலக்கம் போட்டு, அது என்ன, எவ்வளவு பழையது, எங்கே உடைந்திருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை நம்பித்தான் ஆட்கள் கையைத் தூக்குவார்கள்.

ஏலம் கூறுபவர் பீலிக்ஸ் சேர். பறங்கியர், ஒல்லாந்தர் வழிவந்த குடும்பம். வெள்ளைக் கோட்டுப் போட்டு, சிறு சத்தமாகத்தான் கதைப்பார். ஒவ்வோர் ஏலத்துக்கும் முன் இருபத்தொரு நிபந்தனைகளையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பார். ஒருவரும் கேட்பதில்லை, பத்திரிகை வாசிப்பார்கள், கோப்பி குடிப்பார்கள். ஒருமுறை இரண்டு தெரு தள்ளிக் குண்டு வெடித்து எங்கள் மண்டபக் கண்ணாடி முழுவதும் கொட்டிப்போனது. அடுத்த நாள் ஏலத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். காலடியில் கண்ணாடி நொறுங்க நொறுங்க அந்த ஆறு பேருக்கும் இருபத்தொன்றையும் வாசித்தார். நாலாவது நிபந்தனையில், எல்லாக் குறைகளோடும் என்ற இடத்தில், ஜன்னலை ஒருமுறை பார்த்தார். அவர் செய்த ஒரே பகிடி அதுதான் என்று நினைக்கிறேன், அதுவும் பகிடிதானோ தெரியாது.

கேட்பவர்கள் முதலில் பெயர் பதிந்து இலக்க அட்டை வாங்க வேண்டும். அடையாள அட்டையும் முகவரிக்கு ஓர் அத்தாட்சியும் கட்டாயம். கறுவாத்தோட்டத்துப் பெரிய மனிதர்கள் அத்தாட்சி கொண்டுவர மறந்து கோபப்படுவார்கள். வெள்ளவத்தை லொட்ஜில் இருந்து வரும் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, லொட்ஜ்காரரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம் என்று நான்கு ஐந்தை மேசையில் பரப்புவார்கள். அவர்கள் யாரென்று சொன்னாலும் அரசாங்கம் நம்பாதபடியால், மண்டபத்தில் இருப்பவர்களுக்குள் அவர்களிடம்தான் அதிக அத்தாட்சி இருந்தது.

அந்த வருடங்களில் எங்களுக்குப் பித்தளைச் சாமான் நிறைய வந்தது. வடக்கே ஒரு ரோச் லைற் பற்றரி கொண்டுபோவதற்கு அனுமதி கிடைக்காத காலம். வடக்கிலிருந்து குத்துவிளக்கும் தாம்பாளமும் அண்டாவும் வருவதற்கு மட்டும் பாதை எப்படியோ திறந்திருந்தது. லொறியில் கொண்டுவருபவர் ரஞ்சித் என்ற தரகர். நல்ல மனிதர், எனக்கு வெற்றிலைகூட வாங்கித் தருவார். இந்தப் பொருள்கள் எனக்கே உரியவை என்று ஒன்பதாம் நிபந்தனைப்படி கையெழுத்து வைப்பார். ஒரு தனிமனிதனுக்கு எண்பது குத்துவிளக்கு எதற்கு என்று நிபந்தனைகளில் எங்கும் கேட்கப்படவில்லை.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் சீதனமாகக் கொடுக்கிற பித்தளைச் சாமான் ஒவ்வொன்றிலும் பெண்ணின் பெயரின் முதலெழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ அயலுக்கு இரவல் போனால் மாறிவிடக் கூடாது என்பதற்காக. விளக்கென்றால் அடிப்பக்கத்தில் இருக்கும். ரஞ்சித்தின் விளக்குகளைப் பிரட்டினால் எழுத்துகள் இருந்தன. கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பட்டியலில் என்ன எழுதினேன் தெரியுமா? "அடியில் சில எழுத்துகள், தெளிவில்லை."

"ஓவா லியன்ன எப்பா மல்லி," அதெல்லாம் எழுதாதே தம்பி என்று சொல்லும் சிரமத்தை ரஞ்சித்துக்கு நான் ஒருநாளும் வைக்கவில்லை. வாசித்தேன் என்றால் என்ன வாசித்தாய் என்று கேட்பார்கள். அது யாரென்று கேட்பார்கள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து கந்தோருக்கு வருவதற்குள் இரண்டு தடவை அடையாள அட்டையைக் காட்டி வந்தவனுக்கு மூன்றாவது விசாரணை வேண்டியிருக்கவில்லை. பயந்தேன் என்று ஒரே சொல்லில் எழுதலாம். அப்போது அதை நிதானம் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பரமேஸ்வரி ரீச்சர் வந்தார். ஏலத்துக்கு முதல்நாள், பொருள்களைப் பார்வைக்கு வைக்கிற நாள். அவர் விளக்குப் பார்க்க வரவில்லை. மகளிடம் கனடா போவதற்கு லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்தவர், ஒரு தையல் மெசினை ஏலத்துக்கு எடுப்பீர்களா என்று கேட்க வந்தார். நான் படிவம் எடுக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால், நாற்பத்து மூன்றாம் இலக்கத்தைப் பிரட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடுப்பு உயரக் குத்துவிளக்கு. அதன் பாரத்துக்கு அவர் ஒரு பக்கம் சரிந்திருந்தார்.

"தம்பி, இது ஆரின்ர?"

"ஒரு ஆள் விக்கத் தந்தது, ரீச்சர்." அவர் ஒரு ரீச்சர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"இது என்ர அம்மாவின்ர. வே. இரா. எண்டு இருக்கு, பாருங்கோ. வேலுப்பிள்ளை இராசம்மா." விளக்கின் தண்டைத் தடவி ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார். "இந்த நெளிவு நான் போட்டது. பத்து வயசிலை பூசை அறையிலை விழுத்தி அடி வாங்கினனான்."

பிறகு பக்கத்தில் கிடந்த பட்டியலை எடுத்து நான் எழுதியதை வாசித்தார். ஏறத்தாழ நூற்றைம்பது வருடப் பழமை, இயற்கையாக ஏறிய பச்சைக் களிம்பு அதற்குச் சான்று என்று எழுதியிருந்தேன். புத்தகம் பார்த்து எழுதியது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நூற்றைம்பதோ? அம்மாவின்ர கலியாணத்துக்கு வார்த்தது தம்பி, ஐம்பது வருசம் வராது. இது கிணத்துப் பச்சை. இடம்பெயரேக்க சாக்கிலை கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கிப்போட்டு வந்தனாங்கள். ஒரு கிழமையிலை திரும்பலாம் எண்டுதானே போனது."

பெட்டி படுக்கையைத் தூக்கியவர்கள் பித்தளையைக் கிணற்றில் இறக்கினார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். தேடி வருகிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நான்கைந்து வருடத்தில் செய்த வேலைக்கு நான் நூறு வருடம் கூட்டிக் கொடுத்திருந்தேன். அதை வைத்து ரஞ்சித் இதற்குக் குறைந்தால் விற்க மாட்டேன் என்று ஓர் அடிவிலை போட்டிருந்தார். ரீச்சரிடம் இருந்ததோ தையல் மெசின்.

"உங்களுக்கு இது கட்டாயம் வேணுமோ ரீச்சர்?" என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி.

அவர் அழவில்லை. "அம்மா செத்தது ஒரு பள்ளிக்கூடத்திலை, அகதியா இருக்கேக்க. தலைமாட்டிலை வைக்க ஒரு விளக்கில்லை. ஜாம் போத்தலுக்குள்ள திரியைப் போட்டுத்தான் கொளுத்தி வைச்சனான். அது காத்துக்கு நூந்து நூந்து போச்சு," என்றார். பிறகு விளக்கை இருந்த இடத்திலேயே, இலக்கத் துண்டு முன்னுக்குத் தெரியும்படி வைத்தார்.

நான் பீலிக்ஸ் சேரின் அறைக்குப் போனேன். அவர் பேனையை மேசை ஓரத்துக்கு நேராக வைத்துவிட்டுத்தான் யாருடைய கதையையும் கேட்பார். கேட்டு முடித்தார்.

"உரிமை கோருபவர் ஏலத்துக்கு முதல்நாள் நண்பகலுக்குள் எழுத்தில் தர வேண்டும். எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஒன்றரை, சேர். காலையில் சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்துவிட்டார்களாம்."

"நிபந்தனையில் சோதனைச் சாவடிக்கு இடம் இல்லை. பற்றுச்சீட்டு இருக்கிறதா?"

"சீதன விளக்குக்கு யார் சேர் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறார்கள்?"

உரிமை கோரினாலும் விஷயம் பொலிசுக்குப் போகும், விளக்கு பொலிஸ் களஞ்சியத்துக்குப் போகும், விசாவுக்கு நிற்கிற மனுசி விசாரணைக்குப் போவார் என்றார். ஏலத்திலிருந்து விலக்கினால் விளக்கு ரஞ்சித்தின் லொறியில் திரும்பி ஏறும், பிறகு எவருடைய கையும் அதற்கு எட்டாது. எல்லாவற்றையும் ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி அடுக்கினார். அடுக்கிவிட்டு நிபந்தனைப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்தார்.

"பத்தொன்பது. பட்டியலில் பிழை இருந்தால், பொருளை ஏலத்துக்கு விடும் முன் மேடையிலிருந்து திருத்தலாம். இந்த விவரத்தை எழுதியவர் யார்?"

"நான்தான் சேர்."

"எழுத்துகள் தெளிவில்லை என்று இருக்கிறது. உங்களுக்கு வாசிக்க முடியுமா?"

"முடியும்."

"எழுதிய அன்று முடிந்ததா?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"அப்படியானால் அது ஒரு பிழை," என்றார். "பிழையைத் திருத்தலாம். வேறு ஏதாவதாக இருந்தால் உங்களுக்கு நான் கடிதம் எழுத வேண்டிவரும். நாளைக்கு நீங்கள்தான் வாசிக்கிறீர்கள்."

அன்று பின்னேரமே ரஞ்சித்துக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மிக மரியாதையாகக் கதைத்தார். விளக்கின் வயதைத் திருத்தப்போவதாகவும், அடியில் இருக்கும் சொந்தக்காரரின் எழுத்துகளை மண்டபத்தில் வாசிக்கப்போவதாகவும், அதைப் பற்றி யாரேனும் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவரே நேரில் வந்தால் நல்லதென்றும் சொன்னார். வர வசதி இல்லாவிட்டால் அடிவிலையை நீக்கிவிடலாம் என்றும் சொன்னார். ரஞ்சித்துக்கு வர வசதி இருக்கவில்லை.

அடுத்த நாள், நான் சொல்லிவிட்டபடி, ரீச்சர் கையில் இருந்த காசோடு வந்து, நான்கு அத்தாட்சிகளையும் காட்டி முப்பத்தாறாம் இலக்க அட்டை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். பீலிக்ஸ் சேர் நிபந்தனைகளை வாசித்தார். கவனமாகக் கேட்டவர் ரீச்சர் ஒருவர்தான். இருபத்தொன்றையும் பரீட்சைக்குப் படிப்பவர்போலத் தலையாட்டிக் கேட்டார், ஒன்பதாவதையும் சேர்த்துத்தான்.

நாற்பத்து மூன்று வந்தது. பட்டியலில் பிழை இருக்கிறது என்று சேர் அறிவித்தார். இது நூற்றைம்பது வருடப் பொருள் அல்ல, ஐம்பதும் ஆகவில்லை, களிம்பு கிணற்றில் கிடந்ததால் வந்தது. "அடியில் சொந்தக்காரரின் எழுத்துகள் இருக்கின்றன. எங்கள் லிகிதர் வாசிப்பார்."

நான் விளக்கைச் சரித்து, "வே. இரா." என்று வாசித்தேன். இரண்டே எழுத்துத் துண்டுகள். அந்த மண்டபத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் தமிழ் அதுதான். வாசலடியில் நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹோட்டல்களுக்கு வாங்குகிறவர் அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பழமை போன பிறகு அது வெறும் விளக்குத்தானே. மிஞ்சியது கிராண்ட்பாஸ் பித்தளை வியாபாரி காதர் நானா. எந்தப் பித்தளையையும் அவர் எடைக்குக் கேட்பார், உருக்குவதற்கு. அவர் ஒரு விலை கேட்டார். ரீச்சர் அட்டையை உயர்த்தினார். நானா கூட்டினார். ரீச்சர் உயர்த்தினார். நானா யார் கேட்பதென்று எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை, அதற்கு மேல் நான்கு அத்தாட்சிக் கடுதாசிகள்.

"எடைக்கு மேல நமக்குக் கட்டாது சேர்," என்று சொல்லி அட்டையைக் கீழே வைத்தார்.

அந்த விளக்கை நான்தான் தராசில் வைத்து நிறுத்திருந்தேன். எடைக்கான விலை ரீச்சர் கடைசியாகக் கேட்டதற்கு இரண்டு மடங்கு வரும். முப்பது வருடம் பித்தளை வாங்கியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நான் அவரைப் பார்த்தேன், அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இனி ஒருவரும் இல்லை. சேர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போது ரீச்சர் மறுபடியும் அட்டையை உயர்த்தினார்.

"அம்மணி, கடைசியாகக் கேட்டவர் நீங்கள்தான்," என்றார் சேர்.

ரீச்சர் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். என் பக்கம் திரும்பி, "நான் நிப்பாட்டினா வேறை ஆரும் கேட்டுப்போடுவினம், தம்பி. கூட்டச் சொல்லுங்கோ," என்றார். கையில் இருந்த கடைசிச் சதம் வரைக்கும் தன்னோடேயே போட்டிபோட அவர் ஆயத்தமாக இருந்தார்.

"தன்னுடைய விலைக்கு மேல் தானே கேட்பதற்கு நிபந்தனைகளில் இடம் இல்லை, அம்மணி," என்றார் சேர். சொல்லிக்கொண்டே சுத்தியலைப் போட்டார்.

இப்படியாக, தன் தாயாரின் விளக்கைத் தன் காசு கொடுத்து வாங்கிய முதல் வாடிக்கையாளருக்கு நான் பற்றுச்சீட்டு எழுதினேன். தரகுக்கூலி போக மிச்சம் ரஞ்சித்துக்குப் போய்ச் சேர்ந்தது. நிபந்தனை ஒன்றுகூட மீறப்படவில்லை. பீலிக்ஸ் சேர் அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டார்.

ரீச்சர் என் மேசைக்குப் பக்கத்தில் விளக்கை மடியில் கிடத்தியபடி இருந்தார். தட்டு, தண்டு, அடி என்று கழற்றிக் கனடாவுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டினார். சேலைத் தலைப்பால் அடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, இது சோடி. ரெண்டையும் ஒரே சாக்கிலைதான் கட்டி இறக்கினது. மற்றதும் இஞ்சை வந்திருக்குமோ?"

இதுவரை எழுதாத ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். மற்றது வந்திருந்தது. ஐந்து மாதம் முன்பு, அதே லொறியில், அதே பச்சையோடு, அதே எழுத்துகளோடு. அப்போதும் நான் வாசித்தேன். அப்போதும் தெளிவில்லை என்று எழுதினேன். தெற்குக் கரையோரத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போனது, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்ததும் நான்தான். நாற்பத்து மூன்றாம் இலக்கம் வந்திறங்கிய அன்றே அது எதன் சோடி என்று எனக்குத் தெரியும்.

வாங்கியவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று பதினேழாம் நிபந்தனை இருக்கிறது. அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் விளக்கு வந்து போயிருக்கிறது என்று ரீச்சருக்கு விளங்கிவிடும். அதன் அடியிலும் எழுத்து இருந்திருக்குமே, நீங்கள் வாசிக்கவில்லையா என்று கேட்பார். ஒருமுறை செய்ததைப் பிழை என்று சேர் எழுதிக்கொண்டார். இரண்டாவதற்கு அவராலும் ஒரு நிபந்தனை தேட முடியாது. எனக்கு வேலையும் வேண்டியிருந்தது, ரீச்சரின் நல்லெண்ணமும் வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதும்போதும்.

"இல்லை ரீச்சர். அப்பிடி ஒண்டும் இஞ்சை வரேல்லை," என்றேன்.

"சரி, பரவாயில்லை. ஒண்டாவது கிடைச்சுதே. நீங்கள் இல்லாட்டி இதுவும் இல்லை," என்றார். எழும்பி, விளக்கைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் பஸ் தரிப்பு வரை தூக்கி வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கும் நன்றி சொன்னார்.